ஆமையைத் தொடாதவர்கள்

பனவடலிசத்திரத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேவர்குளம், மானூர் வழியாகத் திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து திருச்செந்தூருக்கோ தூத்துக்குடிக்கோ வேறு பஸ் ஏற வேண்டும். ஊரைச் சுற்றிக் கரிசல். உளுந்து, பருத்தி, மக்காச்சோளம். தூரத்தில் காற்றாலைகள். ஆமை என்றால் எங்களுக்குக் கண்மாய் ஆமைதான். அதுவும் மழைக்குத் தப்பி வீட்டுப் பக்கம் வந்துவிட்டால் பெண்கள் விளக்குமாற்றோடு ஓடி வருவார்கள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது இந்தப் பக்கத்தில் இன்னும் செல்லுபடியாகும் சட்டம்.

அப்படிப்பட்ட ஊரில் பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் வந்து, "சித்தப்பா, கடலாமையைக் காப்பாத்தக் கோஸ்டா ரிகா போறேன்" என்றான். மதினி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தார்: "ஆமை வந்தாலே வீடு வெளங்காதுங்காக. இவன் ஆமையைத் தேடிப் போறேங்கான். நீங்களாவது சொல்லுங்க கொழுந்தனாரே."

அவன் காட்டிய விவரங்களைப் படித்தேன். ஏதோ ஒரு ஏஜென்சி. வாரக் கணக்கில் டாலரில் கட்டணம், விமானச் செலவு தனி. தங்குமிடம், சாப்பாடு, இரவு ரோந்து, முடிவில் ஒரு சான்றிதழ். அந்தக் காசுக்கு எங்கள் ஊரில் நாலு நல்ல கறவை மாடு வாங்கலாம் என்று மதினி கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கோஸ்டா ரிகாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெளிநாட்டுக்குப் போய் ஆமைக்குக் காவல் இருக்கும் வழக்கத்துக்குத் தாய்வீடே அதுதான். அந்நாட்டின் கரீபியக் கரையில் தோர்த்துகேரோ என்று ஒரு நீளமான மணற்கரை. முட்டையிட ஏறும் பேராமைகளை முன்பு அங்கே மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். புரண்ட ஆமையால் நிமிர முடியாது. அப்படியே உயிரோடு கப்பலில் ஏற்றப்பட்டு, ஐரோப்பிய, அமெரிக்கச் சாப்பாட்டு மேசைகளுக்குச் சூப்பாகப் போயின. ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1955இல் அங்கே ஆமைகளுக்கு அடையாளத் தகடு மாட்டத் தொடங்கினார். 1959இல் அதற்கென ஓர் அமைப்பு உருவானது. 1975இல் அந்தக் கரை தேசியப் பூங்கா ஆனது. பல தலைமுறை மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவிரவாக அந்த மணலில் நடந்து எழுதிவைத்த குறிப்பேடுகளால்தான் கடலாமையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு தெரியவந்தது.

அதே நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. மொயின் கடற்கரையில் ஹைரோ மோரா என்ற 26 வயது உள்ளூர் இளைஞர் ஆமைக் கூடுகளைக் காத்துவந்தார். 2013 மே 30 இரவு நான்கு வெளிநாட்டுப் பெண் தன்னார்வலர்களுடன் ஜீப்பில் ரோந்து போனபோது முகமூடிக்காரர்கள் மறித்தார்கள். அந்தப் பெண்கள் தப்பிவிட்டார்கள். அவரைக் கொன்று கடற்கரையில் போட்டுவிட்டுப் போனார்கள். முட்டைத் திருட்டுக்குக் குறுக்கே நின்றதுதான் குற்றம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது ஒரு பருவத்து வேலை, கரையிலேயே பிறந்தவனுக்கு அங்கேதான் விடிய வேண்டும் என்பதை இந்தச் சம்பவத்தைவிட அப்பட்டமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சித்தப்பா, பக்கத்துல எங்கயாவது?" என்றான்.

பக்கம் என்றால் இலங்கை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. பனவடலிசத்திரத்திலிருந்து மதுரை விமான நிலையத்துக்குப் போகிற நேரத்தில் பாதிகூட ஆகாது, கொழும்பு வந்துவிடும். பங்குனிக் கடைசியில் இருவரும் கிளம்பினோம். மதினி புளியோதரை கட்டிக் கொடுத்தார்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து தெற்கே போகும் கரையோர ரயிலில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் பாக்கியம். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையில் பல இடங்களில் நாலைந்து தென்னை மரங்கள்தான். கூடைக்காரர் இறால் வடை விற்றுக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு நிலையத்தின் பெயரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றிலும் எழுதியிருக்கிறது. அளுத்கம வரை ஒவ்வொன்றையும் தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போவதில் ஒரு சுகம் இருந்தது.

அளுத்கமவில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். ஓட்டியவர் பேருவளைக்காரர், முஸ்லிம், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசினார். "எங்க இருந்து வாறீங்க?" என்றார். திருநெல்வேலிப் பக்கம் என்றதும் முகம் மலர்ந்தது. காயல்பட்டினத்தில் அவருக்குத் தூரத்துச் சொந்தம் இருக்கிறதாம். ஆமை பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் சிரித்துவிட்டார். "முந்தி இந்த முட்டைய சந்தையில வித்தாங்க. இப்ப அதே முட்டைய மண்ணுல புதைச்சு வெச்சு வெள்ளக்காரங்களுக்குக் காட்டுறாங்க. முட்டை எடுக்கிற ஆளு அதே ஆளுதான் தம்பி."

கொஸ்கொடவை ஒட்டிய கரை முழுக்க முட்டைப் பொரிப்பகங்கள். 2004 சுனாமி இந்தக் கரையில் இருந்தவற்றை வாரிக்கொண்டு போனது. அங்கிருந்து இன்னும் தெற்கே பெரலியவில் ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்களை அலை கொண்டுபோன இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு பொரிப்பகங்கள் திரும்ப முளைத்தன. பெரும்பாலும் குடும்பத் தொழில்கள், வருமானம் சுற்றுலாக்காரர்களிடமிருந்து. அப்படி ஒன்றில்தான் நாங்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்தோம். பெயர் வேண்டாம்.

வேலை என்ன? காலையில் சிமென்ட் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊனமான ஆமைகள், வலையில் துடுப்பு அறுபட்டவை, வெளிறிப் பிறந்தவை என்று தொட்டிக்கு ஒன்றிரண்டு. அவற்றின் ஓட்டில் படிந்த பாசியைப் பிரஷ்ஷால் சுரண்ட வேண்டும். மீன் வெட்டிப் போட வேண்டும். பத்து மணிக்குச் சுற்றுலா வேன்கள் வரத் தொடங்கும். எங்களோடு இருந்த ஐரோப்பியப் பிள்ளைகள் பாவம், மனப்பூர்வமாக உழைத்தார்கள். தோல் உரிய உரிய வெயிலில் நின்று தொட்டி கழுவினார்கள். ஆளுக்கு ஒரு ஆமைக்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள்.

சிக்கல் குஞ்சுத் தொட்டியில் இருந்தது. அன்று காலை பொரித்தவை, முந்தின நாள் பொரித்தவை, அதற்கும் முந்தினவை என்று நூற்றுக்கணக்கான குஞ்சுகள். வருகிறவர்கள் ஒன்றைக் கையில் எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் தனிக் கட்டணம் கட்டினால் ஒரு குஞ்சைக் கடலில் விடலாம். காசு கட்டும் கூட்டம் சேரும்வரை குஞ்சுகள் தொட்டியில்.

ஒரு குஞ்சைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. முன்துடுப்பு இரண்டையும் அடித்துக்கொண்டு சுவரில் முட்டியது. முட்டிவிட்டுத் திரும்பவில்லை. அந்த இடத்திலேயே, சுவர் திறந்துவிடும் என்பதுபோல, நீந்திக்கொண்டிருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அதே சுவர், அதே இடம், அதே வேகம்.

அந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றுக்குள் மஞ்சள்கருவின் மிச்சம் இருக்கும். கரையோரத்தில்தான் மீன்களும் பறவைகளும் காத்திருக்கின்றன. அந்த ஆபத்தான பட்டையைத் தாண்டி ஆழக்கடலுக்குப் போய்ச் சேரும்வரை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நிற்காமல் நீந்த அந்தக் கட்டுச்சோறுதான் ஆதாரம். தொட்டிச் சுவரில் முட்டி முட்டி அதைச் செலவழித்துவிட்டால், மூன்றாம் நாள் கடலில் விடும்போது அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது. நெருக்கடியில் ஒன்றையொன்று கடித்துப் புண்ணாக்குவதும், புண்ணில் பூஞ்சை பிடிப்பதும் தனி. ஆமை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் விஷயம் இது. பொரித்த குஞ்சு அன்றிரவே, தன் காலாலேயே மணலில் நடந்து, கடலுக்குப் போக வேண்டும்.

பொரிப்பகத்துக்காரரிடம் அண்ணன் மகன் கேட்டே விட்டான். அவர் கோபப்படவில்லை. "நாங்கள் வாங்காவிட்டால் அந்த முட்டை ஆம்லெட் ஆகும். சந்தை விலையைவிடக் கூடக் கொடுத்து வாங்குகிறோம். அந்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்று ஆங்கிலமும் சிங்களமும் கலந்து சொன்னார். அதில் பாதி நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. இலங்கையில் 1972இலிருந்தே ஆமையைப் பிடிப்பதும் முட்டையை வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். சட்டம் ஏட்டில் இருக்க, முட்டை சந்தைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. வழியில் குறுக்கிட்டு வாங்கிப் புதைத்தவர்கள் இவர்கள். ஆனால் வாங்குகிற ஆள் இருக்கிறவரை எடுக்கிற ஆளும் இருப்பான். ஆட்டோக்காரர் ஒரே வரியில் சொன்னது அதைத்தான்.

நாங்கள் கட்டிய வாரத்தில் மிச்சத்தை விட்டுவிட்டுக் கிளம்பினோம். பணம் திரும்பி வரவில்லை, கேட்கவும் இல்லை.

பெலியத்த வரை ரயில், அங்கிருந்து தங்காலைக்கு பஸ். தங்காலையைத் தாண்டினால் ரெகவ. இங்கே நடந்த கதை வேறு மாதிரி. 1993இல் தொடங்கிய ஆமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று, 1996இல் ரெகவவில் ஒரு காரியம் செய்தது. முட்டை எடுத்துப் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களையே சம்பளத்துக்குக் கூட்டுக் காவலர்களாக வைத்தது. எந்தக் கரையில் எந்த இரவில் ஆமை ஏறும், எந்தத் தடம் உண்மையான கூட்டுக்குப் போகும், எது முட்டையிடாமல் திரும்பிய தடம் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் பட்டதாரிக்குத் தெரியும்? முட்டை இட்ட இடத்திலேயே இருக்கும், யாரும் தோண்டமாட்டார்கள், வேறு இடத்துக்கு மாற்றமாட்டார்கள். காவல் மட்டும். 2006இல் அந்தக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்போது இரவில் பார்வையாளர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

சீட்டு வாங்கினால் ஆமை வரும் என்று உத்தரவாதம் கிடையாது. கொட்டகையில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். செல்போனை அணைத்துவிட வேண்டும். கூட வந்த ஒரு குடும்பம் பத்தரை மணிக்குச் சலித்துப்போய்க் கிளம்பியது. எனக்கும் கொட்டாவி. பக்கத்திலிருந்த காவலர், ஐம்பதைத் தாண்டியவர், வெற்றிலையை மென்றபடி கடலைப் பார்த்தவாறே இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குச் சிங்களம் தெரியாது. அண்ணன் மகன் சைகையில், 'நீங்களும் முன்பு முட்டை எடுத்தீர்களா?' என்று கேட்டான். அவர் தயக்கமே இல்லாமல் தலையாட்டி, கையால் பெரிய மூட்டையாகக் காட்டினார்.

நள்ளிரவுக்குப் பிறகு அழைப்பு வந்தது. மணலில் கொஞ்ச தூரம் இருட்டில் நடந்தோம். காலில் அடும்பங்கொடி சிக்கியது. ஆமை மணலைத் தோண்டும்போது பக்கத்தில் போகக் கூடாது. மிரண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கிய பிறகு அவ்வளவாகக் கலையாது. அப்போதுதான், அதுவும் பின்பக்கமாக, சிவப்பு வெளிச்சத்தில் நாலைந்து பேராகப் போக விட்டார்கள்.

பேராமை. ஓடு மட்டும் ஒரு மீட்டர் இருக்கும். எடை நூறு கிலோவுக்கு மேல். குழியை அது பின்துடுப்பால் தோண்டியிருந்தது. ஒவ்வொரு துடுப்பும் அகப்பையைப்போல வளைந்து இறங்கி, ஒரு பிடி மணலை அள்ளி, சிந்தாமல் மேலே கொண்டுவந்து வைக்குமாம். திரும்பிப் பார்க்காமலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குடுவை வடிவில் ஒரு குழி. அதன் கரை ஓரிடத்தில்கூடச் சரியவில்லை. முட்டைகள் இரண்டு மூன்றாக விழுந்தன. எலுமிச்சம்பழ அளவு, வெள்ளை, மேலே பிசுபிசுப்பு. ஓடு கெட்டியில்லை, தோல் மாதிரி. விழுந்தவை உடையாமல் குழிந்து மீண்டும் உருண்டையாயின. நூறுக்கு மேல் இருக்கும் என்றார்கள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது. அது அழுகை அல்ல. உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பி கண்ணருகில் இருக்கிறது. இது தெரிந்திருந்தும் அண்ணன் மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அகநானூற்றில் 160ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. அடும்புக்கொடி படர்ந்த மணல்மேட்டில் ஆமை முட்டையைப் புதைத்துவைப்பதை அந்தப் புலவர் கண்ணால் பார்த்தே எழுதியிருக்க வேண்டும். முட்டையின் வடிவமும் புலால் நாற்றமும்கூட அதில் இருக்கின்றன. பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்கிற இடத்தில் மட்டும் புலவர் கணவன்மார்களுக்குத் தாராளம் காட்டிவிட்டார். ஆண் கடலாமை பிறந்த அன்று கடலுக்குள் போனால், அநேகமாகத் திரும்பக் கரையேறுவதே இல்லை. பெண்ணும் மணலை மூடிவிட்டுப் போனால் அந்தக் கூட்டுக்குத் திரும்புவதில்லை. கூட்டைக் காப்பது மணலும் வெப்பமும்தான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த மணலே முடிவுசெய்கிறது. ஏறத்தாழ 28 டிகிரிக்குக் கீழே என்றால் ஆண், 31க்கு மேலே என்றால் பெண், நடுவில் கலந்து. பூமி சூடேறச் சூடேற, கூட்டிலிருந்து பெண் குஞ்சுகளே வருகிற கரைகளும் இப்போது இருக்கின்றன.

இந்த இரவில் நாங்கள் என்ன செய்தோம்? ஒன்றுமே செய்யவில்லை. தொடவில்லை, தூக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. காசு கொடுத்துவிட்டுச் சும்மா நின்றோம். எனக்கு என்னவோ கொஸ்கொடவில் ஓடியாடிச் செய்த வேலையைவிட இதுதான் உருப்படியான சேவை என்று பட்டது. நாங்கள் கொடுத்த காசு அந்த வெற்றிலைக்காரரின் சம்பளத்தில் சேர்கிறதா என்பது ஒன்றுதான் முக்கியம். சேர்ந்தால் அவர் முட்டை எடுக்கமாட்டார், எடுக்கவும் விடமாட்டார்.

ஊர் திரும்பிய பிறகு அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்டான். "நம்ம கரையில என்ன சித்தப்பா நடந்துச்சு?"

நம் கரையில் நடந்தது பெருமைப்படும்படி இல்லை. மன்னார் வளைகுடாவில் பேராமை பிடிப்பது ஒரு காலத்தில் தொழில். தூத்துக்குடி அதற்குச் சந்தை. இறைச்சி உள்ளூருக்கு, உயிருள்ள ஆமைகள் இலங்கைக்கு. அறுக்கும்போதே ரத்தத்தைக் குவளையில் பிடித்துச் சூடாகக் குடிக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். மூலத்துக்கு நல்லது, இளைப்புக்கு நல்லது என்று நம்பிக்கை. எங்கள் ஊரிலிருந்தே பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு வந்த பெரியவர்களைப் பற்றி நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கடலோடு ஒட்டும் உறவும் இல்லாத ஊர் என்று மேலே எழுதினேனே, அந்த ஒரு குவளையளவு உறவு இருந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள் இடம்பெற்ற பிறகும் அந்த வியாபாரம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. சட்டம் கரைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

இருவரும் மணப்பாட்டுக்குப் போனோம். சித்தாமை என்றும் பங்குனி ஆமை என்றும் சொல்லப்படும் சின்ன இனம்தான் தமிழகக் கரையில் அதிகம் முட்டையிடுவது. படகுத்துறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"ஆமை வலையில விழுமா அண்ணாச்சி?"

"விழாம? விழுந்தா வலைய அறுத்துத்தான் விடணும். அறுத்து விட்டா நீங்க கைதட்டுவீக. வலை யாரு தருவா?"

இதற்குப் பதில் சொல்லும் அரசுகளும் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2018 முதல், வலையில் சிக்கிய ஆமை போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்களை வலையை அறுத்து விடும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு தருகிறார்கள். அந்த மாநிலத்தின் வேளாஸ் கிராமத்தில் ஆமைக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் ஊர்த் திருவிழாவே நடக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கிராமத்து வீடுகளில் தங்குகிறார்கள், அந்த வீட்டுப் பெண்களுக்கு வருமானம். கேரளத்தின் கொளாவிப்பாலத்தில் 1992இல் கூட்டுக்குக் காவல் இருக்கத் தொடங்கியவர்கள் அந்த ஊர் மீனவ இளைஞர்களேதான்.

வலை அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார். "எங்க நாட்டுப்படகுல விழுற ஆமை பெரும்பாலும் உசுரோடதான் இருக்கும். இழுவைமடியப் போய்ப் பாருங்க." இழுவைமடி என்றால் விசைப்படகுகள் கடலடியில் மணிக்கணக்காக இழுத்துச் செல்லும் வலை. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். மடிக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அடுத்த மாதமே ஒடிசாவின் ருஷிகுல்யாவில் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் ஒன்றாகக் கரையேறி முட்டையிட்டன என்று செய்தி வந்தது. அங்கே போய்க்கொண்டிருந்த வழியில்தான் நம் கரையில் பல செத்திருக்கும். தமிழகத்தின் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமைகள் கரையை நெருங்குவதோ தை, மாசி, பங்குனியில். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. வருகின்றன என்பது கரையில் நிற்கும் யாருக்கும் தெரியும், விளக்கு தெரிகிறதே.

இதற்கு எளிய கருவியும் உண்டு. மடியின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம், அதன் மேலே ஒரு திறப்பு. இறால் கம்பிக்கிடையே உள்ளே போய்விடும், ஆமை முட்டி மேலே வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் மடிகளுக்கு ஏற்ற வடிவத்தையே செய்து கொடுத்திருக்கிறது. மீனும் சேர்ந்து தப்பிவிடுகிறது என்று படகுக்காரர்கள் மாட்டுவதில்லை. இந்தக் கருவி இல்லை என்பதால்தான் 2019 முதல் அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. ஆமைக்காகக் கேட்காதவர்கள் டாலருக்காகவாவது கேட்பார்கள் என்று பார்த்தால், அதுவும் நடந்தபாடில்லை. நூறு கூட்டைக் காத்துப் பல ஆயிரம் குஞ்சுகளைக் கடலில் விட்டாலும், ஆயிரத்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று கணக்கிடுகிறார்கள். வளர்ந்து முட்டையிடத் திரும்பி வரும் ஒரு தாய் ஆமை மடியில் மூழ்கினால் அத்தனை இரவுக் காவலும் அதோடு போகிறது. தன்னார்வலர்கள் படம் எடுத்துப் போடும் இடம் கூடு. ஆமை சாகும் இடம் மடி. இரண்டுக்கும் நடுவே சில கடல் மைல்கள்.

இப்படிச் சொல்வதால் கூட்டுக் காவல் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த மாசியில் அண்ணன் மகன் சென்னைக்குப் போய் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இரவு நடையில் சேர்ந்துகொண்டான். நானும் ஒரு சனிக்கிழமை போனேன். 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரைச் சுற்றி இருந்தவர்கள் இந்தக் கரையில் நடக்கத் தொடங்கினார்கள். 1988இல் மாணவர்களே அமைப்பாகி ஏற்றுக்கொண்டார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. நகரத்து விளக்கு, நாய், மனிதக் கால் என்று தொல்லைகள் இருப்பதால் இங்கே முட்டையை இட்ட இடத்திலேயே விட முடியாது. சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் புரட்டாமல் எடுத்து, அதே ஆழத்தில் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் கடல்தான், தொட்டி கிடையாது. யாருக்கும் சம்பளம் இல்லை, சான்றிதழுக்காக யாரும் வருவதாகவும் தெரியவில்லை. மென்பொருள்காரர், கல்லூரிப் பெண்கள், ஓய்வுபெற்ற ஒருவர், நாங்கள். அந்த இரவு ஒரே ஒரு கூடுதான் கிடைத்தது. செத்த ஆமை அதைவிட அதிகம்.

நடந்துகொண்டே சதீஷ் பாஸ்கரின் கதையைச் சொன்னார்கள். சென்னை ஐஐடியில் பொறியியல் படிக்க வந்து, படிப்பைவிடக் கடலைப் பிடித்துக்கொண்டவர். இந்தியக் கரையில் சுமார் 4,000 கிலோமீட்டரைக் காலால் நடந்தே அளந்தவர். 1982 மழைக்காலத்தில் பேராமைகளைக் கணக்கெடுக்க லட்சத்தீவின் ஆளில்லாத சுஹேலி தீவில் மாதக்கணக்காகத் தனியாக இருந்தார். மழைக்காலத்தில் படகு வராது. மனைவிக்குக் கடிதம் எழுதிப் புட்டியில் அடைத்துக் கடலில் போட்டார். மூன்று வாரம் கழித்து, சுமார் 800 கிலோமீட்டர் தள்ளி, இலங்கை மீனவர் ஒருவர் அதைக் கண்டெடுத்து, தன் கடிதம் ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பிவைத்தார். பாஸ்கர் 2023இல் காலமானார். அவர் பேரில் சாலையோ சிலையோ நான் எங்கும் பார்த்ததில்லை.

கடலாமைக்காக வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகள் நம் பக்கத்திலும் இப்போது இருக்கிறார்கள். போகட்டும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி மட்டும் எழுதிக் கேளுங்கள். குஞ்சு பொரித்து எத்தனை மணி நேரத்தில் கடலுக்குப் போகிறது? ஆமையைக் கையில் எடுக்க விடுவீர்களா? என் பணத்தில் எவ்வளவு அந்த ஊர்க்காரருக்குச் சம்பளமாகப் போகிறது? முதல் கேள்விக்கு நாள் கணக்கில் பதில் வந்தாலோ, இரண்டாவதற்கு ஆமாம் என்று வந்தாலோ, மூன்றாவதற்குப் பதிலே வராவிட்டாலோ கட்டாதீர்கள். போக வசதியில்லாதவர்கள் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் சென்னைக் கரையில் நடக்கலாம். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். நல்ல செருப்பும் தண்ணீர் பாட்டிலும் போதும், டார்ச் வேண்டாம்.